மூன்றாவது வரியிலிருந்து

பாட்டு வகுப்பு முடிந்து குழந்தைகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும், ஒரு சாயங்காலமாவது ஃபேனைப் போட்டுக்கொண்டு கூடத்துத் தரையில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். சுப்புலக்ஷ்மிக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஆனால் மந்தைவெளியில் அந்தச் சின்ன ஃப்ளாட்டில் விளக்கேற்றிய பிறகுதான் அவளுடைய நிஜமான வேலையே ஆரம்பிக்கும். மகள் மதுவந்தி எதிரில் வந்து உட்காருவாள். அம்மா பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பாள், பெண் கேட்டுக்கொள்வாள். இரண்டாம் வகுப்பில் ஆரம்பித்தது, பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்துவிட்டது. தொண்டை பாட்டால் கெட்டதா, விலங்கியலால் கெட்டதா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

மதுவந்திக்குப் படிப்பு வரும், படிக்கத்தான் வராது. ஒரு பக்கத்தை முன்னால் வைத்தால் எழுத்துகள் இடம் மாறி அவளைப் பாடாய்ப் படுத்தும். மற்றவர்கள் பக்கத்தை முடிக்கும்போது அவள் நாலு வரி தாண்டியிருப்பாள். காதில் விழுந்தது மட்டும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பாட்டுக்கார வீடு என்பதால் வெகுநாள் வரை இது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோருமே கேட்டுக் கேட்டுத்தானே கற்றுக்கொண்டார்கள்!

ஆனால் கல்லூரி நுழைவுத் தேர்வில் யார் வந்து படித்துக் காட்டுவார்கள்? தி.நகர் பயிற்சி வகுப்பில் வைத்த மாதிரித் தேர்வில் அவள் பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. அதே கேள்விகளை வீட்டில் அம்மா படித்துக் கேட்டபோது பட்பட்டென்று பதில் சொன்னாள். வாசிப்பதில் குறைபாடு உண்டு என்று அரசு மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பார்கள். விண்ணப்பிக்க இந்த வாரம்தான் கடைசி. அந்த வாரத்தில் பரிசோதனைக்குக் கிடைத்ததும் ஒரே ஒரு நாள்தான்.

அதற்குள் ஊரே நியாயம் பேசி முடித்துவிட்டது. பயிற்சி வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான், ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் தன் பையனும்தான் முதல் ரேங்க் வாங்குவான் என்று எழுதினார். அதற்கு முப்பது பேர் கைதட்டினார்கள். கணவன் ராகவேந்திரன் வேறு காப்பியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"நாளைக்குக் கல்யாணம்னு வரச்சே இந்த சர்டிபிகேட் குறுக்க வந்து நிக்கும் சுப்பு. கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படிச்சா வராதா?"

யார் கஷ்டப்பட்டு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் வாதம் வளரும். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

மருத்துவமனையில் பரிசோதனை அறையைப் பலகைத் தடுப்பு வைத்து மறைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில், சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட ரத்னா உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் தமிழ்நிலா உள்ளே இருந்தாள்.

"இன்னா மாமி, உங்க பொண்ணுக்கும் இதே கததானா?"

"ஆமாம்மா."

"எங்க ஸ்கூலாண்ட மத்த அம்மாங்கள்லாம் ஒரே பேச்சு. ஒன் பொண்ணுக்கு மட்டும் இன்னா ஸ்பெசலுன்னு. நா சொல்லிட்டேன், டைமோட சேத்து அந்தத் தொல்லையையும் தர்றேன், எடுத்துக்கினு போன்னு."

பல நாள் கழித்துச் சுப்புலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே தமிழ்நிலா 'ஏ... ஏரி...' என்று திக்கித் திணறிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. பிறகு டாக்டர் ஹமீதுன்னிசா அதே பத்தியைத் தாமே முழுவதும் படித்துக் காட்டிக் கேள்விகள் கேட்டார். ஏரி, நாரைகள், மழை வராத ஒரு வருஷம் என்று போயிற்று அந்தப் பத்தி. நாரைகள் என்ற இடத்தில் டாக்டருக்கு இருமல் வந்து நிறுத்தினார். மதுவந்தி தடுப்பில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாவம், களைப்பு என்று சுப்புலக்ஷ்மி நினைத்தாள்.

அவர்கள் முறை வந்தது.

"தமிழ்ல படிக்கிறியாம்மா, இங்கிலீஷ்லயா?" என்று டாக்டர் கேட்டார்.

"தமிழ்," என்றாள் மதுவந்தி சட்டென்று.

பள்ளியில் எல்லாமே ஆங்கிலம். இவள் ஏன் தமிழ் என்கிறாள்? சுப்புலக்ஷ்மிக்கு நெருடியது. அதற்குள் மதுவந்தி தாளைக் கையில் எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டாள். தங்குதடை இல்லை. நாரைகள் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மேலே போனாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அருமையா படிக்கிறாளேம்மா! இவளுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா டைம்?"

மதுவந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவளை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் படித்த பத்திதான் இது என்று சுப்புலக்ஷ்மிக்கு உறைத்தது. நாலாம் வகுப்பில் பெண் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதபோது, "உனக்கு முன்னாடி படிக்கறவளைக் காது குடுத்துக் கேட்டுண்டு, அப்படியே சொல்லிடு," என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான். பெண் இன்றைக்கும் அதைத்தான் செய்திருக்கிறாள். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. படி என்று யார் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போய்விடலாம். ராகவேந்திரனுக்கும் நிம்மதி. என்ன, தேர்வில் பாதிக் கேள்வியை விட்டுவிட்டு வருவாள். அம்மாவுக்கு வாய் இருக்கிறது என்று எத்தனை நாளைக்கு ஓட்டுவது? சுப்புலக்ஷ்மிக்கு அலுத்துவிட்டது. உடம்பெல்லாம் அலுத்துவிட்டது.

வெறுமனே கேட்டுப் பாடம் பண்ணிய குழந்தையைச் சரணத்திலிருந்து எடு என்றால் எடுக்க வராது. பல்லவியிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தால்தான் சரணம் வாயில் வரும். தினமும் பாட்டு வகுப்பில் பார்க்கிற கூத்து இது.

"டாக்டர்," என்றாள். "அவளை மூணாவது வரியிலேர்ந்து படிக்கச் சொல்லுங்கோ."

மதுவந்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்துட்டியே என்கிற பார்வை. பிறகு தாளைக் குனிந்து பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. முதல் வரியிலிருந்து சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்பது டாக்டருக்கும் தெரிந்துவிட்டது. அவர் தாளின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இங்கேருந்து படி கண்ணா," என்றார்.

"வ... வற..." என்றாள் மதுவந்தி. அதற்கு மேல் வரவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் மெதுவாகப் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்தபோது ரத்னா எழுந்து வந்தாள். "இன்னா ஆச்சு மாமி? கெடச்சிச்சா?"

"கெடைச்சுடும்னு சொல்லிட்டா."

"அப்பால இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

சுப்புலக்ஷ்மி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் மதுவந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, வீடு வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து குழந்தைகள் போனார்கள். சுப்புலக்ஷ்மி விளக்கேற்றிவிட்டு விலங்கியல் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடித் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மதுவந்தி வந்தாள். உட்காரவில்லை. புத்தகத்தை அம்மாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"போன்ல போட்டோ எடுத்துப் போட்டா அதுவே படிச்சுச் சொல்றதும்மா. நீ போய்ப் படுத்துக்கோ."

ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு பெண் பேசிய முதல் பேச்சு அதுதான். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுப்புலக்ஷ்மி ஃபேனைப் போட்டுக்கொண்டு கூடத்துத் தரையில் காலை நீட்டிப் படுத்தாள். எத்தனை வருஷத்து ஆசை. கண்ணை மூடிக்கொண்டு, பெண் எந்தப் பாடத்தில் இருக்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.