ஐந்தாவது பெயர்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் மனைவி கோரின் நான்கு பெயர்களை எழுதிவிட்டு ஐந்தாவதில் நின்றுபோனாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது, பக்கத்தில் காபி ஆறிப்போயிருந்தது, அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குள் ஓட்டுச் சீட்டை அனுப்பியாக வேண்டும். நான் அடுப்பில் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்ட சில்லியைக் கிண்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடம் இவளோடு குடும்பம் நடத்தியதில் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். பென்சிலைக் கடித்தாள் என்றால் விடை தெரியாமல் இல்லை, தெரிந்த விடை பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

கோரின் எங்கள் ஊர்க் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கோச். நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் எட்டுச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்துகின்றன. நவம்பரில் தொடங்கிய முதல் சுற்று ஆட்டங்கள் சனிக்கிழமை முடிந்துவிட்டன, நாங்கள் இரண்டாவது இடம். அடுத்த நாள் எட்டுக் கோச்சுகளும் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதி அனுப்புவார்கள். சொந்த அணிப் பெண்ணின் பெயரை எழுதக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். அதிக ஓட்டு வாங்கிய ஐந்து பேர் லீக்கின் முதல் அணி, அடுத்த ஐந்து பேர் இரண்டாவது அணி. ஐந்தாவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்தால் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் அணிக்கு வந்தவளின் பெயரை அவளுடைய கல்லூரி மைதானக் கட்டிடத்தின் வாசலில், மரப்பலகையில் தங்க எழுத்தில் எழுதுவது வழக்கம். இரண்டாவது அணிக்கு ஒரு காகிதச் சான்றிதழ் கிடைக்கும்.

எனக்கு டிராக்டர் ரிப்பேர்க் கடை. உள்ளூரில் ஆட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் மைதானத்தின் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுவேன். அந்த மேஜையில் இருப்பவன் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, யார் பக்கம் சாய்கிறான் என்று முகத்தில் கூடக் காட்டக் கூடாது. பதினைந்து வருடமாக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது என்று கோரின் கேட்பாள்.

"அந்த ஸ்டான்விக் காலேஜ் பொண்ணா?" என்றேன்.

"ஜோலி."

"ஏழாவதா வந்த டீம்டீ அது."

"டீம்தான் ஏழாவது. அவ இல்ல. அவ கூட ஆடுற நாலு பேரையும் சேத்து முதுகுல தூக்கிட்டு ஆடுறா. ரெண்டு தடவை பாத்தேன். இந்த லீக்ல அவளை விட நல்லா ஆடுற ஆளு இல்ல, ஆர்லன்."

நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தேன். "நம்ம பிரென்னாவுக்கு இது கடைசி வருஷம். ஜோலிக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"வயசு என்னன்னு இதுல கேக்கல."

"மத்த கோச்சுங்க எல்லாம் தன் பொண்ணுக்குப் போட்டியா வர்றவளை நைசா விட்டுட்டுத்தான் எழுதுறாங்க. உனக்கே தெரியும்."

"அதனாலதான் ஜோலி மாதிரி பொண்ணுங்க பேரு எங்கயுமே வர்றதில்ல."

பிரென்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்றிப் பண்ணைக் குடும்பத்துப் பெண். காலையில் பன்றிகளுக்குத் தீனி போட்டுவிட்டு நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் பயிற்சிக்கு வருவாள், நாலு வருடத்தில் ஒரு நாள் தாமதம் கிடையாது. வாயும் அதற்கேற்ற நீளம். கோரின் எதைச் சொன்னாலும் "என்ன கோச் இது, நாங்க என்ன குதிரையா?" என்று ஒரு முணுமுணுப்பு முன்னால் வரும், வேலை பின்னால் நடக்கும். அவளுடைய அக்கா டானாவின் பெயர் எட்டு வருடமாக அந்தப் பலகையில் இருக்கிறது. நவம்பரில் வரும் நன்றி நாள் விருந்தில் பூசணிப் பை என்ற இனிப்பு அப்பத்தை வெட்டும்போதெல்லாம் டானா எழுந்து நின்று, "பலகையில பேரு இருக்கிறவங்க முதல்ல எடுத்துக்கட்டும்" என்பாளாம். எட்டு வருடமும் பிரென்னா இரண்டாவது துண்டைத்தான் தின்றிருக்கிறாள். கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போகும்போது அவள் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை, அதை நான் கவனித்திருக்கிறேன்.

கோரின் ஐந்தாவது பெயரைத் தட்டினாள். அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள். மூடிய கையோடு, "உப்பு கம்மி" என்றாள்.

"இன்னும் வாயிலயே வைக்கல நீ."

"நீ செஞ்சா கம்மியாத்தான் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஹலோ கூடச் சொல்லவில்லை. "அஞ்சாவது இடம் ஜோலிக்கு, நாலு ஓட்டு. பிரென்னாவுக்கு மூணு" என்றாள் கோரின்.

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கணக்கு பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. கோரின் ஓட்டு இல்லாவிட்டால் மூன்றுக்கு மூன்று. இரண்டு பேருமே முதல் அணிக்கு வந்திருப்பார்கள். ஜோலிக்கு ஒரு நஷ்டமும் இருந்திருக்காது. யாரையும் கெடுக்காமல் பிரென்னாவுக்குக் கிடைத்திருக்கும் ஒன்றை அவளுடைய சொந்தக் கோச்சே தட்டிவிட்டிருக்கிறாள்.

"மூணு மணிக்கு அவகிட்ட சொல்லப் போறேன்" என்றாள்.

"ரெண்டாவது அணின்னுதானே? அவளுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

"நான் யாருக்குப் போட்டேன்னு."

"உனக்கென்ன கிறுக்கா? யாரு யாருக்குப் போட்டாங்கன்னு வெளியே வராது. ரகசிய ஓட்டு அது."

"ஊருக்குத்தான் ரகசியம். நாலு வருஷமா அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து, உண்மையா ஆடு, உண்மையா ஆடுன்னு கத்தியிருக்கேன். நாளைக்கு அதே மூஞ்சியைப் பாத்து எப்படிப் பேசுவேன்?"

இவளைக் கல்யாணம் செய்துகொண்டது ஏன் என்று சில நாள் யோசிப்பேன். அன்று யோசிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு ஸ்கோர் போர்டு ஒயரைச் சரி பார்க்கும் சாக்கில் நானும் மைதானத்துக்குப் போய்விட்டேன். கோரினும் பிரென்னாவும் கீழ் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கோரின் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஐந்தாவதாக எழுதியது ஜோலியின் பெயர், எழுதாமல் விட்டிருந்தால் உன் பெயரும் வந்திருக்கும், எண்ணிப் பார்த்துவிட்டேன், இருந்தாலும் மறுபடி எழுதச் சொன்னால் அதே பெயரைத்தான் எழுதுவேன். பிரென்னா ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"சரிங்க கோச்" என்றாள். முடிச்சை இறுக்கிவிட்டு, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க கோச்" என்றாள்.

எங்கள் ஊரில் கோபம் வந்தால் யாரும் கத்த மாட்டார்கள், மரியாதை கூடிவிடும். அன்றைக்குப் பயிற்சி முழுக்க அந்தப் பெண் முணுமுணுக்கவே இல்லை. ஓடச் சொன்னால் ஓடினாள், நிற்கச் சொன்னால் நின்றாள். இரவுச் சாப்பாட்டில் கோரின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பதினோரு தடவை சரிங்க கோச் சொன்னா, எண்ணினேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

"நான் செஞ்சது தப்பா?"

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னப்ப காதுலயே வாங்கல. இப்ப கேக்குற."

"இப்பவும் வாங்க மாட்டேன். நீ சும்மா சொல்லு."

"தப்பு இல்ல. ஆனா முட்டாள்தனம்."

அது நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, தள்ளி வைத்த தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை லீக்கின் கடைசிச் சுற்று ஆரம்பம். இரண்டாவதாக வந்தவர்கள் ஏழாவதாக வந்தவர்களோடு, எங்கள் மைதானத்தில். அதாவது ஸ்டான்விக். தோற்றால் அன்றோடு சரி, பிரென்னா அதற்கப்புறம் கல்லூரிக்காக ஆடவே போவதில்லை. பனி கொட்டியும் கூட்டம் நிறைந்திருந்தது. டானா இரண்டு குழந்தைகளோடும் ஒரு வாளி பாப்கார்னோடும் என் மேஜைக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஆர்லன், அந்த நாலாவது ஓட்டு எவன் போட்டது? உங்க வீட்டம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"எனக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும்."

"கண்டுபிடிச்சேன்னா அந்த ஆளு வண்டியில நாலு டயரும் இருக்காது, சொல்லிட்டேன்."

எங்கள் வண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பிரென்னா அக்காவிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண் மேல் எனக்கு வந்த பாசத்தைக் காட்ட வழியில்லாமல் கடிகாரத்தின் பட்டன்களைத் துடைத்தேன்.

ஆட்டத்துக்கு முன்னால் ஆடுபவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஓடிப் போய் எதிரணிக் கோச்சுக்குக் கை கொடுத்துவிட்டு வர வேண்டும். "லீக்கின் முதல் அணி, ஜோலி" என்று மைக்கில் வந்தபோது எங்கள் கூட்டம் அரை மனதாக இரண்டு தட்டுத் தட்டியது. மெலிந்த, நீளக் கை நீளக் கால் பெண். கோரினிடம் ஓடி வந்து கை கொடுத்தாள். கோரின் அந்தக் கையை உடனே விடவில்லை, குனிந்து ஏதோ சொன்னாள். ஜோலி திகைத்துப்போய்ச் சிரித்தாள். வரிசையில் நின்ற பிரென்னா அதைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள்.

ஜோலி எப்படி ஆடினாள் என்று நான் சொல்லக் கூடாது, மேஜைக்காரன். ஆனால் பாதி ஆட்டத்துக்குள் பதினெட்டு பாயிண்ட் போட்டுவிட்டாள், டானாவே பாப்கார்ன் தின்பதை நிறுத்திவிட்டாள். இரண்டாவது பாதியில் ஜோலியை மறிக்கப் பிரென்னாவை விட்டாள் கோரின். அதிலிருந்து ஜோலிக்கு ஒன்பது பாயிண்டுதான், ஒவ்வொன்றுக்கும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரென்னா மூன்று தடவை தரையில் விழுந்தாள், நாலு பவுல் வாங்கினாள். ஐந்தாவது வாங்கினால் வெளியே. ஒன்பது வினாடி மிச்சம் இருந்தபோது நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து ஸ்டான்விக்கிடம். கோரின் டைம் அவுட் கேட்டாள்.

எங்கள் பெஞ்ச் என் மேஜையிலிருந்து நாலடி. கோரின் முட்டி போட்டு உட்கார்ந்து சின்னப் பலகையில் கோடு போட்டாள். பந்து ஜோலிக்குத்தான் போகும், ரெண்டு பேர் அவ மேல போங்க, மத்தவங்க போட்டா போடட்டும் என்றாள்.

"வேண்டாம் கோச்" என்றாள் பிரென்னா.

இரண்டு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு. மற்ற பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நான் ஒருத்தியே பாத்துக்கிறேன். நீங்க எழுதினீங்கல்ல, அவதான் பெரிய ஆளுன்னு. அப்ப நான் யாருன்னு எனக்குத் தெரியணும்."

"உனக்கு நாலு பவுல்."

"தெரியும் கோச்."

கோரின் அவளையே பார்த்தாள். இந்தப் பெண் ஜோலியை நிறுத்திவிட்டால், கோரின் எழுதிய பெயர் தப்பு என்று ஊர் அறிய நிரூபித்ததாகிவிடும். நிறுத்தாவிட்டால் சீசனே போச்சு, இவளுடைய நாலு வருடமும் அங்கேயே முடிந்தது. பயிற்சியாளர்கள் யாரும் ஒத்துக்கொள்ளாத காரியம் அது. கோரின் தான் போட்ட இரண்டாவது கோட்டைக் கட்டை விரலால் அழித்தாள்.

"போ" என்றாள். "நான் எழுதினது தப்புன்னு காட்டு. நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன்."

பிரென்னாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "என்ன கோச் இது" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனாள்.

விசில் ஒலித்தது. பந்து ஜோலியின் கைக்கு வந்தது, நான் கடிகாரத்தை ஓடவிட்டேன். மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, நடுவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். பிரென்னா தரையோடு தரையாகத் தாழ்ந்து, ஒரு உள்ளங்கையை ஜோலியின் முகத்துக்கு நேராக விரித்து வைத்திருந்தாள். ஜோலி பந்தைத் தட்டினாள், தட்டினாள், இடது பக்கம் ஒரு அடி வைத்தாள். பிரென்னாவும் வைத்தாள். ஜோலி சட்டென்று வலது பக்கம் திரும்பினாள். பிரென்னா அங்கேயும் இருந்தாள். கோட்டின் ஓரத்தில் நின்ற கோரின் தானும் பிரென்னா மாதிரி இரண்டு கைகளையும் விரித்து, முட்டியை மடித்து, இல்லாத ஒருத்தியை மறித்துக்கொண்டு, அவர்களோடு இடதும் வலதுமாக நகர்ந்துகொண்டிருந்தாள்.