சம்பந்தி எழுதிய பலகை

படகுத்துறையில் முப்பத்தோரு வருஷம் கயிறு கட்டினேன். நான் கட்டிய கயிற்றையெல்லாம் நீட்டினால் நிலாவை இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் துணியும் காயப்போடலாம். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டில் வாய் திறக்கும் ஒரே ஜீவன் குக்கர். அதுவும் மூன்று விசிலோடு அடங்கிவிடும்.

அதனால்தான் தினமும் காலைப் படகில் ஏறி அக்கரை வரை போய்த் திரும்புவேன். பக்கத்து இருக்கையில் என் சம்பந்தி. என் மகளும் அவர் மகனும் குடித்தனம் நடத்துவது ஏழு கடல் தாண்டி. இங்கே மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் போர்டு எழுதும் பெயிண்டர். நாங்கள் போகும் படகு கேட்டமரான் வகை; அதற்குள் தொங்கும் பலகையும் அவர் கைவண்ணம்: ‘கேட்டமரான் என்றால் இரட்டைப் படகு.’

போன மாதம் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

“சம்பந்தி, அது நம்ம கட்டுமரம்! மூணு மரம், அஞ்சு மரம்னு சேத்துக் கட்டி மிதக்க விட்டது. வெள்ளைக்காரன் பேரைத் தூக்கிட்டுப் போய் ரெட்டைப் படகுக்கு வெச்சுட்டான். கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து மரத்தத் தனித்தனியா காயப்போட்டு, திரும்பச் சேத்துக் கட்டுவாங்க. ரெண்டுங்கற பேச்சே அதுல இல்ல. தப்பா எழுதித் தொங்கவிட்டிருக்கீங்களே!”

படகே சிரித்தது. இன்ஜின்கூடச் சிரித்ததாக ஞாபகம்.

“நாப்பது வருஷத்துல என் எழுத்துல ஒருத்தன் தப்பு சொன்னதில்ல,” என்றார். அக்கரையில் இறங்கியவர் திரும்பும் படகில் ஏறவில்லை. ஊரைச் சுற்றி பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார்.

பதினெட்டு நாள். பக்கத்து இருக்கையில் என் குடையை உட்கார வைத்தேன். அதனிடம் நான் அளக்காத கதை இல்லை. பாவம், கடைசியில் மழைக்குக்கூட விரிய மறுத்துவிட்டது.

நேற்று பலகை மாறியிருந்தது: ‘கட்டுமரம் என்றால் சேர்த்துக் கட்டிய மரங்கள்.’ பெயிண்ட் இன்னும் காயவில்லை.

“முதல் படகுல வந்து எழுதிட்டுப் போயிட்டாரு,” என்றார் டிக்கெட் கொடுக்கும் அம்மா. “நீங்க எப்ப ஏறுவீங்கன்னு கேட்டுக்கிட்டு, அதுக்குள்ள கெளம்பிட்டாரு. ஜெயிச்சிட்டீங்க, போங்க!”

ஜெயித்தவன் அக்கரை போகவில்லை. இறங்கிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“சம்பந்தி, ரெண்டே மரத்துலயும் கட்டுமரம் கட்டியிருக்காங்களாம். விசாரிச்சேன்.”

யாரை விசாரித்தேன்? குடையைத்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல்: “பொய்.”

“ஆமா.”

“பெயிண்ட் தீந்துபோச்சு. இனி மாத்த முடியாது.”

கதவு திறக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. நானும் படியில் உட்கார்ந்தேன்.

“அந்த மரத்த,” என்றார் உள்ளிருந்து, “எத்தன நாள் காயப்போடுவாங்க?”

“ஒரு ராத்திரி போதும், சம்பந்தி.”