நௌஷாட்டின் சென்சர் சொன்ன பொய்

காத்தான்குடியில் எஞ்சின் டியூனிங் என்றால் நௌஷாட்தான். அவனைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான். புகைக்குழாயில் மாட்டும் அவனுடைய வைட்பாண்ட் ஒக்ஸிஜன் சென்சர், காற்றுக்கு ஏற்றபடி எஞ்சினுக்குப் பெற்றோல் போகிறதா என்று இலக்கத்தில் காட்டும். பன்னிரண்டரை என்றால் பத்திரம். இலக்கம் ஏற ஏறப் பெற்றோல் குறைவு, சூடு அதிகம். டர்போ எஞ்சினில் பிஸ்டனே உருகிவிடும்.

அவன் டியூன் செய்த இரண்டு எஞ்சின்களில் அப்படி உருகியது. "பஹ்மி பூட்டின பூட்டு சரியில்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பஹ்மி, அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக். அதன்பிறகு பஹ்மியின் கடைப்பக்கம் ஈ காக்கைகூடப் போகவில்லை.

இன்று காலை, நௌஷாட் டியூன் செய்துகொடுத்த தன் டர்போ காரோடு றிஷாட் வந்தான். கையில் வேறொரு கம்பனியின் புதுச் சென்சர்.

"எது திறம் காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"இதெல்லாம் விளையாட்டுச் சாமான் தம்பி" என்று சிரித்தபடி நௌஷாட் இரண்டையும் ஒரே குழாயில் மாட்டினான். வீதியில் அழுத்தி ஓட்டினார்கள். அவனுடையது பன்னிரண்டரை காட்டியது. புதியது பதின்மூன்றரை.

"பாத்தியா, புளுகுது!"

"ரெண்டையும் சுத்தமான காத்தில வச்சி ஒருக்கா சரிபார்ப்பம். சென்சரோட வந்த தாள்ல அப்பிடித்தான் இரிக்கி. நீங்க எங்க வைக்கிற?"

"வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் போக முந்தி ஷட்டர இழுத்துட்டு, உள்ளுக்கே தொங்கவிட்டு பட்டன அமத்துவன்."

சொல்லும்போதே நௌஷாட்டுக்கு விஷயம் பிடிபட்டது. அவன் தொங்கவிடுவது, சாமான்களைப் பெற்றோலில் கழுவும் தட்டுக்கு நேர் மேலே. பூட்டிய கராஜில் நிறைந்த அந்த ஆவியையே சுத்தமான காற்று என்று சென்சருக்குப் பழக்கியிருக்கிறான்!

வாவிக்கரையில் காரை நிறுத்தி, வெளிக்காற்றில் இரண்டையும் சரிசெய்து மாட்டினார்கள். திரும்பி வரும்போது மறுபடி அழுத்தினார்கள். இரண்டிலும் பதின்மூன்றரை. இத்தனை நாளும் இலக்கத்தைக் குறைத்துக் காட்டிப் புளுகியது நௌஷாட்டின் சென்சர்தான்.

கராஜ் வாசலில் பஹ்மி நின்றான். நாளைக்கு அவனுக்குக் கட்டாரில் வேலைக்குப் பயணம். பயணம் போகுமுன் தெரிந்தவர்களிடம் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டு வருவது ஊர் வழக்கம்.

"காக்கா, அந்த ரெண்டு எஞ்சினும் என்ட கைப்பிழதான். எங்க பிழச்செண்டு இண்டைக்கும் விளங்கல்ல. மாப்புச் செஞ்சி உடுங்க."

நீட்டிய கையை நௌஷாட் பற்றிக்கொண்டான். பேசாமல் இருந்தால் இவன் விமானம் ஏறிவிடுவான், ஊருக்கும் ஒன்றும் தெரியவராது. அப்படி ஒரு கணம் நினைத்ததற்கே அவனுக்கு உடம்பு கூசியது.

"ஒன்ட பிழ இல்ல பஹ்மி. நான்தான் அந்த எஞ்சின்கள எரிச்சன்."

பெற்றோல் தட்டு முதல் வாவிக்கரை வரை எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்த பஹ்மி மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டான்.

"என்ட கைய நானே நம்பல்ல காக்கா. இனி எஞ்சினே தொடுறல்ல எண்டுதான், அங்க கூட்டித் துடைக்கிற வேலைக்குக் கையெழுத்து வச்சன்."