சாயம் போன கோதுமை

ஈராக்கில் அந்த வருஷம் விதைக் கோதுமை வந்து இறங்கியபோது விதைப்பு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அரசாங்க லாரிக்கு மழையின் அவசரம் தெரியுமா என்ன?

"விதைக்க மட்டும்தான், யாரும் தின்னுடாதீங்க!" என்று லாரிக்காரன் ஒரு தடவை கத்திவிட்டுப் போனான். மூட்டையிலும் ஏதோ அச்சடித்திருந்தது. கடல் தாண்டிய யாருடையதோ எழுத்து. அரபி எழுத்தே தடவித் தடவிப் படிக்கிற ஊரில் அதை எவன் படிப்பான்?

ஹஸ்னா அசட்டுப் பெண் இல்லை. மழை ஏமாற்றியதில் வீட்டில் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. ஆறு வயது ரபாப் பசி பசி என்று பின்னாலேயே சுற்றினாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை ஷனான். இருந்தும் அவள் அவசரப்படவில்லை. இளஞ்சிவப்பாக இருந்த கோதுமையைக் கால்வாய்க்குக் கொண்டுபோய், சாயம் முழுக்கப் போகும்வரை ஏழு தடவை அலசினாள். பிறகு ஒரு பிடியைக் கோழிக்குப் போட்டாள்.

புருஷன் முத்லக் சிரித்தான். "நல்ல யோசனைதான். கோழி பொழச்சா ரொட்டி, செத்தா கொழம்பு."

"வெஷம் தின்னு செத்ததை உங்களுக்கு மட்டும் தனியா வெச்சுத் தரேன்."

தினமும் ஒரு பிடி, பத்து நாள். கோழி சாகவில்லை, முட்டைகூடப் போட்டது. பதினோராம் நாள் ஹஸ்னா தந்தூர் அடுப்பை மூட்டினாள். எல்லோரும் வயிறு நிறையத் தின்றார்கள். அன்று தொடங்கி அந்த வீட்டில் பசி என்ற சொல் கேட்கவில்லை. பாவம், எவ்வளவு சந்தோஷப்பட்டாள்!

ஒன்றரை மாதம் கழித்து ரபாப், "அம்மா, வெரல்ல எறும்பு ஊருது" என்றாள். ஓர் எறும்பும் இல்லை. அடுத்த வாரம் நடை தள்ளாடியது. "என்னடி, சாராயம் குடிச்சியா?" என்று பக்கத்து வீட்டு வஹீதா கேலி செய்தாள். ஒரு நாள் காலை, எதிரே இருந்த ரொட்டியை ரபாப் கையால் துழாவித் தேடியபோதுதான் ஹஸ்னாவும் முத்லக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். டாக்டர் லபீப் தூங்கிப் பல நாள் ஆனவர்போல் இருந்தார்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"அந்தக் கோதுமைதான். ஆனா ஏழு தடவ கழுவினேன் டாக்டரய்யா. கோழிக்குப் போட்டுப் பாத்தேன். பத்து நாள் நல்லாத்தான் இருந்துச்சு!"

அவர் திட்டவில்லை. அந்த வார்டில் பல தாய்மார்கள் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"சாயம்தாம்மா போச்சு, மருந்து போகல. வெதை கெடாம இருக்கத் தடவின பாதரச மருந்து அது. ஒடனே கொல்லாது, ஒடம்புலயே தங்கிடும். வேலையக் காட்ட வாரக்கணக்கா ஆகும். பத்து நாள் கோழிகிட்ட என்ன தெரியும்?"

"கண்ணு திரும்பி வருமா?"

"கொஞ்சம் தேறலாம். முழுசா வரும்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஹஸ்னா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் கையால் பிசைந்து, தன் கையால் சுட்டு, இன்னும் ஒன்று தின்னு கண்ணு என்று ஊட்டியவள் அவள்தானே. இடுப்பிலிருந்த ஷனான் சிணுங்கினான். பழக்கத்தில் அவனைக் கறுப்பு அங்கிக்குள் இழுத்துப் பால் கொடுத்தாள்.

"இவனாவது தப்பிச்சான் டாக்டரய்யா. அந்த ரொட்டிய இவன் வாயிலயே வெச்சதில்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இவனுக்கு உங்க பால் மட்டும்தானா?"

"வேற என்ன..."

பாதியில் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் தின்ற ரொட்டியெல்லாம் அந்தப் பாலில்தானே இறங்கியிருக்கும்! குழந்தையின் வாயில் விரலை விட்டு மார்பிலிருந்து பிரித்தெடுத்து முத்லக்கின் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. நானே கூப்பிட்டாலும் எங்கிட்ட கொண்டு வராதீங்க."

"பசியில அழறானே, ஹஸ்னா!"

"போங்கன்னு சொல்றேன்ல!"

முத்லக் வெளியே போனான். ஷனானின் அலறல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"தம்பி ஏன் அழறான்?" என்று ரபாப் வேறு பக்கம் பார்த்துக் கேட்டாள்.

ஹஸ்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை கேட்கக் கேட்க அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது.