பூட்ச்சி

"முதல்ல பேக்கப் எடு, அப்புறம் கை வை." ராயபுரம் பயிற்சி மையத்தில் ஞானசெல்வி மூச்சுக்கு மூச்சு சொல்லும் பாடம் இது. படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைப்பது, ஒரே இடத்திலிருந்து எல்லா மிஷினுக்கும் சாஃப்ட்வேர் ஏற்றுவது, இவைதான் அங்கே பயிற்சி. ஆனால் உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே? மூலை மேசைப் பழைய கம்ப்யூட்டரில் அவள் கூட்டாளி பென்னியின் குரலில் இருந்த பாடங்களுக்கு அவள் இன்னொரு பிரதி எடுத்து வைக்கவே இல்லை.

அன்று காலை ஹஃப்சாவின் முறை. அப்பாவின் கடையில் செல்போன் ரிப்பேர் பார்த்துவிட்டு இங்கே சேர்ந்தவள். கையில் வேகம் ஜாஸ்தி. பயிற்சி மிஷின்களுக்குப் புது விண்டோஸ் அனுப்பச் சொன்னால், 'எல்லாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டாள். மூலை மிஷினின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டியவள் ஞானசெல்வி, மறந்துபோனாள். அந்தத் திரையிலும் புது விண்டோஸ் ஏறுவதைப் பார்த்ததும் பாய்ந்துபோய் பிளக்கை இழுத்தாள். மறுபடி போட்டால் வெறும் கறுப்புத் திரை. உள்ளே பாடங்கள் மிச்சம் இருக்கின்றனவா இல்லையா, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

பென்னி காசிமேட்டுக்காரர். துறைமுகத்தில் கண்டெய்னர்களோடு மாரடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் ஞானசெல்வி சேர்ந்த சர்வீஸ் கம்பெனியில்தான் அவரும் இருந்தார். போனில் உட்காருவது அவள், மிஷினைப் பார்க்கப் போவது அவர். ஒருமுறை எண்ணூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து கூப்பிட்டு, "பூட்ச்சி செல்வி" என்றார். 'பூட் ஆச்சு', மிஷின் பிழைத்துக்கொண்டது என்று இவள் எடுத்துக்கொண்டாள். "ரொம்ப சந்தோசம் அண்ணே" என்று போனை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று அந்தக் கம்பெனிக்கும் சொல்லிவிட்டாள். மேனேஜர் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கிழி கிழியென்று கிழித்தார்.

"மிஷினு போயிடுச்சின்றேன், நீ சந்தோசம்ன்ற. இன்னா பொண்ணு நீ?" என்றார் பென்னி, டீக்கடையில்.

"எனக்கு ஆச்சுன்னுல்லா கேட்டுச்சு அண்ணே!"

அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் சிந்தியது. அதற்கப்புறம் ஆபீஸில் எந்த மிஷின் செத்தாலும், "செல்விக்கு சந்தோசம்" என்றுதான் பேச்சு.

பிறகு இருவருமாகச் சேர்ந்து இந்த மையத்தைத் தொடங்கினார்கள். அவர் பாடம் எடுப்பார், அவள் பதிவு செய்வாள். மெட்ராஸ் பாஷையில் பாடமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. "எங்க ஜனத்துக்கு எங்க பேச்சுதாம்மா வெளங்கும்" என்பார் பென்னி. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பின் ஞானசெல்வி அந்தப் பாடங்களை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லை. அங்கே இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"நான்தானேக்கா கெடுத்தேன், நானே பாக்குறேன்" என்றாள் ஹஃப்சா, கண் கலங்க. டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, நகலில் மட்டும் கை வைக்கச் சொல்லிவிட்டு ஞானசெல்வி மாடிக்குப் போனாள். தன் பிள்ளைக்குத் தானே ஊசி போட எந்த நர்ஸுக்கும் கை வராது. மாடியில் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தாள். என்ன எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு மணியடிக்கும் நேரம். ரோட்டில் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து ஹஃப்சாவின் குரல் வந்தது.

"பூட்ச்சிக்கா!"

அப்படித்தான் ஞானசெல்வியின் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் இந்த ஊர்ப் பேச்சில் ஊறிய காதுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றுதான், போயே போச்சு. பென்னி இன்னொரு தடவை செத்துப்போனது போல இருந்தது. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். பாவம், அந்தப் பெண்ணையாவது தேற்ற வேண்டும்.

"போனாப் போவுது ஹஃப்சா, நீ அழாத..."

"இன்னாக்கா போவுது? பூட் ஆச்சிக்கா!"

ஹஃப்சாவின் முகமெல்லாம் பல். அவள் ஏதோ ஒரு பட்டனைத் தட்ட, மூலை மேசையிலிருந்து கரகரவென்று அந்தக் குரல் கிளம்பியது.

"பூட்ச்சின்னா போயிடுச்சி. பூட் ஆச்சின்னா வந்துடுச்சி. ரெண்டையும் ஒண்ணாக்கி பேஜாரு பண்ணாத நைனா. ஒரு நாசரேத்து பொண்ணு அப்டிதான் என்னைய மேனேஜராண்ட மாட்டி வுட்டுச்சி..."

பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரிக்கிறார்கள். ஞானசெல்விதான், வயசு குறைந்த ஞானசெல்வி.

"இன்னா செல்வி, சர்தானா?" என்று கேட்டார் பென்னி.

பதிவில் அதற்கும் அவளுடைய சிரிப்புதான் கேட்டது.

"சர்தாண்ணே" என்றாள் ஞானசெல்வி இப்போது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஹஃப்சா, முதல்ல பேக்கப் எடுடி."