ஜோர்ஜ் துரை எடுக்காத படம்

"ஏண்டா கோகிலா, எங்கம்மா எந்தக் காலத்துலடா பூட்ஸ் போட்டுக்கிட்டு கொழுந்து பறிச்சாங்க?"

"குளிருக்குப் போட்டதுக்கா! அப்பல்லாம் மலையில இன்னும் குளிரு லா!"

எங்க மலை டவுனு தானா ராத்தாவுல, சாகுல் ஹமீது பாய் கடையில தே தாரிக், அதான் மலாய்க்காரங்க நொரைக்க ஆத்துற டீ, குடிச்சிக்கிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில இந்தச் சண்டை. பாஞ்சாலை அக்கா எங்க எஸ்டேட் லைன்ல பொறந்தவங்க, இப்ப மேல கியா பார்ம் சந்தையில பூ விக்கிறாங்க. கோகிலன் எங்க மண்டபக் கமிட்டித் தலைவரு. புது மண்டபத்துல மாட்ட, செவுரு நீளத்துக்கு பேனர் அடிச்சிருக்காரு. தேயிலைக் காட்டுல அஞ்சு பொம்பளைங்க, கோட்டு, பூட்ஸு. அடியில கொட்டை எழுத்துல: "நம் முன்னோர்கள். படம்: ஜோர்ஜ் துரை."

அக்கா கொடுத்த படத்தை வேணாம்னுட்டாரு. அவங்க அம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் கூடையோட நிக்கிற படம்.

"மங்கலா இருக்குக்கா. அந்த ரெண்டு பேரு யாருன்னு உங்களுக்கே தெரியல. பேர் தெரியாதவங்கள எப்படி மாட்டறது?"

நான் குறுக்க பூந்தேன். "தம்பி, யாரு இந்த ஜோர்ஜ் துரை?"

"நம்ம எஸ்டேட்டு பழைய வெள்ளைக்கார மேனேஜர்ணே. நெட்லயே போட்டிருக்கு, ஜோர்ஜியன் போட்டோகிராபர்னு."

ஜோர்ஜியா ஒரு நாடுய்யா! ரஷ்யாவுக்குத் தெக்கால. அங்கேயும் தேயிலை இருக்கு. பாய் மக அமீரா போன்ல தேடிப் படிச்சிச்சு. பேனர்ல இருக்கிற படம் அங்க எடுத்தது, எடுத்தவரு பேரு வக்தாங். அந்த நாட்டுல மொத மொத கேமரா தூக்குனவங்கள்ல ஒருத்தரு. டவுன்ல கடை வச்சி பெரிய பெரிய ஆபீசருங்கள உக்கார வச்சி எடுத்தவரு. அது அலுத்துப் போயி, படம் பதியிற கண்ணாடித் தகடுங்கள குதிரையில ஏத்திக்கிட்டு மலை மலையா போனாரு. ஆடு மேய்க்கிறவங்க, கொழுந்து பறிக்கிறவங்க எல்லாரையும் எடுத்து, பேரு கேட்டு, தகட்டு ஓரத்துல கீறி வச்சாரு. அவரு செத்ததும் சொந்தக்காரங்க பாதித் தகட்ட சுரண்டிட்டு செடிக் கொட்டாய்க்கு கண்ணாடியா மாட்டிட்டாங்களாம்.

பேனர்ல இருக்கிற அஞ்சு பேருக்கும் நெட்ல இருக்கிற படத்தோட ஓரத்துல பேரு இருக்கு. நம்ம தலைவரு அதை வெட்டிட்டு துரைய ஒட்டிட்டாரு! துரை எடுத்தாத்தான் நாம முன்னோரா? துரை இல்லாட்டி ஒருத்தரை நாமளே பெத்துக்குவோம் போல.

தப்பு தெரிஞ்சதும் என்ன சொன்னாரு தெரியுமா? "துரை பேர டேப் ஒட்டி மறைச்சிடலாம்ணே. ஞாயித்துக்கிழமை தெறப்பு விழா. யாரு பாக்கப் போறா?"

"அப்ப எங்கம்மா எங்கடா நிப்பாங்க? கக்கூஸ் பக்கமா?"

"அந்த ரெண்டு பேரு பேர கொண்டாங்கக்கா. பேனர எறக்கிடறேன்."

கடையே கேட்டுச்சு. இனிமே பேச்சு மாத்த முடியாது.

அக்கா கொடுத்த படத்தை இந்தப் பதிவுக்குக் கீழ போட்டிருக்கேன். நடுவுல இருக்கிறது அவங்க அம்மா பேச்சியம்மா. இடது பக்கம் கையில துணி சுத்தியிருக்கிறவங்க, வலது பக்கம் முன்பல்லு இல்லாம சிரிக்கிறவங்க, யாரு வீட்டு ஆளுங்க? தெரிஞ்சவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள பேர இங்கேயே எழுதுங்க.