ஐந்து என்று சொன்னவன்

1

இந்தக் கதை என் மூக்குடைபட்ட இடத்தில் பிறந்தது. அதை மறைக்கத்தான் முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பதினான்கு வருடமாகப் பறவை பார்க்கும் ஒருவர் ஒரு நாள் காலை அரிய உண்மையொன்றைக் கண்டுபிடித்—’

வேண்டாம். கண்டுபிடித்தது நான் இல்லை, என் அக்கா. அதுவும் இரண்டு கண்ணிலும் கட்டோடு.

2

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். இருபத்தொரு வருட வேலை. கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, பத்து நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது என்றிருந்தார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் பிடிகொடுக்கவில்லை. அத்தான் வேலையை விட்டுவிடச் சொன்னார். நாங்களோ அவளிடம் கத்திப் பேசத் தொடங்கியிருந்தோம், கட்டுப் போட்டது காதில் என்பதுபோல. (இதைப் படித்தால் அத்தான் கோபித்துக்கொள்வார். இருக்கட்டும்.)

அவள் அறை ஜன்னலுக்கு வெளியே காடு தொடங்குகிறது. மூன்றாம் நாள் காலை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வெளியே ஒன்று விசிலடித்தது. ஒன்று ரம்பம் போல அறுத்தது. ஒன்று கிணுகிணுத்தது, ஒன்று யாரையோ திட்டித் தீர்த்தது. இன்னொன்று எண்ணெய் போடாத கதவாகக் கிறீச்சிட்டது.

“அஞ்சு பறவைக்கா,” என்றேன், பெரிய வித்வான் மாதிரி.

“எல்லாம் ஒரே ஆள்டா.”

“ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே.”

“ஒருத்தர் பேசறப்போ இன்னொருத்தர் குறுக்க வரவே இல்ல, கவனிச்சியா? எங்க கோர்ட்ல அஞ்சு பேர் நின்னா அது நடக்குமா?”

“தற்செயலா இருக்கும்.”

“சாட்சி கெஞ்சுவான், கத்துவான், குரலை மாத்துவான். மூச்சு விடற இடத்த மாத்தத் தெரியாது. இதுவும் அப்படித்தான்.”

3

இவ்வளவு உறுதியாகவா பேசினாள்? [கொஞ்சம் தயங்கவிடலாமா?] ‘அக்கா தயங்கினாள்’ என்று எழுதிப் பார்த்தேன். பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

அவள் சொன்னது தப்பு என்று காட்ட நான் வெளியே போனேன். முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். மரத்தில் ஒரே ஒரு பறவை. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மார்பின் நடுவே டை கட்டியதுபோல் கறுப்புக் கோடு. பட்டாணிக்குருவி. இந்தக் காட்டில் அதைவிடச் சாதாரணமான குருவி கிடையாது.* என் கண் முன்னாலேயே விசிலடித்தது, அறுத்தது, கிணுகிணுத்தது, திட்டியது, கிறீச்சிட்டது. ஐந்தும் ஒரே அலகு.

* அதற்குக் குரல்கள் பல என்று படித்துமிருக்கிறேன். படித்தது எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

உள்ளே வந்து ஒப்புக்கொண்டேன். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக. பிறகு அத்தானைக் கூப்பிட்டாள்.

“நான் வேலைய விடல. என் வேலையில பாதி காதுலதான் இருக்கு. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்.”



4

பத்தாம் நாள் கட்டு அவிழ்ந்தது. ஒரு கண்ணில் முழுப் பார்வை, மற்றதில் முக்கால். அக்கா ஜன்னலில் நின்று அந்தக் குருவியை முதன்முதலாகப் பார்த்தாள். “இத்தனூண்டு ஆளா நீ,” என்றாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அப்போது இலைகளுக்குள்ளிருந்து நாங்கள் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

“இதுவும் அவன்தான்,” என்றேன், பாடம் படித்தவனாக.

“இல்லடா. இது வேற ஆள்.”

யார் சொன்னது சரி என்று நான் எழுதப்போவதில்லை; அதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பைனாகுலர் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கவில்லை.